பஞ்சுவும் மின்னியும் ஏன் கடித்துக்கொள்கின்றன?

கேள்வி: மகளின் எட்டாவது பிறந்தநாளுக்கு மட்டக்களப்பில் இரண்டு முயல் குட்டிகள் வாங்கிக் கொடுத்தோம். வெள்ளைக்குப் பஞ்சு, சாம்பலுக்கு மின்னி என்று பெயர். ஒரே ஈற்றுக் குட்டிகள், இரண்டும் பெட்டை என்று சொல்லித்தான் தந்தார்கள். நாலு மாதம்வரை ஒன்றின்மேல் ஒன்று தலை வைத்துப் படுத்தன. இப்போது ஏழு மாதம் ஆகிறது. இரண்டு மாதமாக ஒரே சண்டை. பஞ்சு மின்னியின்மேல் ஏறுகிறது, துரத்துகிறது, கூடெல்லாம் முடி. போன வாரம் மின்னியின் காது கிழிந்துவிட்டது. கழுத்தடியில் ஒரு கட்டியும் தெரிகிறது. பயந்துபோய்ப் பிரித்து வைத்திருக்கிறோம். மகள் ஒவ்வொரு நாளும் அழுகிறாள். இரண்டையும் ஒரு கூட்டில் போட்டுச் சாக்கால் மூடிவிட்டால் விடிவதற்குள் பழகிவிடும் என்கிறார் மாமி. ஒன்றை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறார் கணவர். என்ன செய்யட்டும்? மகளுக்கு வாங்கிய அமொக்சிசிலின் பாணி மருந்து கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. கட்டிக்கு அதைக் கொடுக்கலாமா?

ஒரு தாய், களுவாஞ்சிகுடி

மிருக வைத்தியரின் பதில்: தங்கச்சி, உங்கள் கடைசிக் கேள்விக்குத்தான் முதல் பதில். அந்தப் பாணி மருந்தை முயலின் வாயில் ஒரு சொட்டுக்கூட விடாதீர்கள். ஏற்கனவே கொடுத்துவிட்டிருந்தால் மிச்சத்தைப் பிறகு படிக்கலாம், இப்போதே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

பிள்ளைக்கு நல்ல மருந்து முயலுக்கு எப்படி நஞ்சாகும் என்று கேட்பீர்கள். முயலின் குருட்டுக்குடல் மனிதருடையதுபோலச் சிறு துண்டு இல்லை, வயிற்றின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும் பெரிய பை. புல்லைப் புளிக்க வைத்துச் செரிக்கிற நல்ல கிருமிகள் அங்கேதான் குடியிருக்கின்றன. அமொக்சிசிலின் போன்ற பெனிசிலின் வகை மருந்து வாய்வழியாகப் போனால் அந்த நல்ல கிருமிகள் செத்து, கெட்ட கிருமிகள் பெருகி, நஞ்சைக் கக்கும். வயிற்றோட்டம் தொடங்கி ஒரு சில நாளில் முயல் போய்விடும். முயலுக்குப் பொருந்தும் வேறு மருந்துகள் இருக்கின்றன. அதை எடை பார்த்து வைத்தியர் கொடுக்க வேண்டும். இதோடு சேர்த்து இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அடிக்கடி நடக்கிற பிழை இது. நாயின் உண்ணிக்குப் பூசுகிற, தெளிக்கிற மருந்துகளில் பிப்ரோனில் கலந்தவை உண்டு. அதுவும் முயலைக் கொல்லும். வீட்டில் நாய்க்கு வாங்கியது எது இருந்தாலும் முயல் கூட்டுப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

சரி, கட்டிக்கு வருவோம். அது கட்டிதானா என்பதே எனக்குச் சந்தேகம். பருவத்துக்கு வந்த பெட்டை முயல்கள் பலவற்றுக்குத் தாடைக்குக் கீழே, குளிருக்குக் கழுத்தில் சால்வை சுற்றினதுபோல ஒரு சதை மடிப்பு வரும். முதல்முறை பார்க்கிறவர்கள் பயந்துபோய்த் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். மின்னியை மடியில் வைத்துத் தடவிப் பாருங்கள். பஞ்சுபோல மெத்தென்று இரண்டு பக்கமும் ஒரே அளவாகத் தொங்கினால் அது அவளுடைய சொந்தச் சதைதான். ஒரு பக்கத்தில் மட்டும் சுண்டங்காய் அளவோ நெல்லிக்காய் அளவோ உருண்டையாக, கெட்டியாக விரலில் தட்டுப்பட்டால் கடிபட்ட இடத்தில் சீழ் கட்டியிருக்கலாம். தாடை எலும்போடு ஒட்டியிருந்தால் பல்லின் வேரிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

முயலின் சீழ் மற்ற மிருகங்களின் சீழ்போல ஒழுகி வடியாது. பற்பசைபோலக் கெட்டியாக, ஒரு தோல் பைக்குள் அடைபட்டு இருக்கும். ஊசியால் குத்தி அமுக்கிப் பயனில்லை. உள்ளே பரவிவிடும். திறந்து, பையோடு எடுத்துக் கழுவ வேண்டும். ஆகவே கெட்டியாக இருந்தால் இந்த வாரமே காட்டுங்கள். மின்னியின் உடம்பு முழுவதும் முடியை விலக்கிப் பார்க்கவும் மறக்க வேண்டாம். முயலின் தோல் மெல்லியது, பல் கூரியது, முடி அடர்த்தி. வெளியே ஒன்றும் தெரியாது, பத்து நாள் கழித்துத்தான் வீங்கும். வயிற்றையும் தொடையின் உட்பக்கத்தையும் முக்கியமாகப் பாருங்கள், சண்டையில் பின்னங்காலால் உதைத்துக் கிழிப்பது அங்கேதான்.

இனி சண்டை. இரண்டும் பெட்டை என்று தந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வசனத்தை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எண்ணவில்லை. ஆறு கிழமைக் குட்டியில் ஆண் எது பெண் எது என்று பார்ப்பது பழகின கைக்கே தவறும். விற்கிறவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. அதனால் முதலில் இதைப் பாருங்கள். ஒருவர் கதிரையில் இருந்து முயலின் முதுகைத் தன் வயிற்றோடு அணைத்து, பின்பகுதியை ஒரு கையால் நன்றாகத் தாங்கிப் பிடிக்க வேண்டும். தாங்காமல் விட்டால் உதறி முதுகெலும்பை உடைத்துக்கொள்ளும். மற்றவர் வாலுக்கு முன்னால் உள்ள உறுப்பின் இரண்டு பக்கத்தையும் இரண்டு விரலால் மெல்ல அமுக்க வேண்டும். சிறு குழாய்போல எழும்பி நுனியில் வட்டத் துளை தெரிந்தால் கடுவன். நீளமான பிளவாகத் தெரிந்தால் பெட்டை. ஏழு மாதக் கடுவனுக்கு இரண்டு பக்கமும் முடியில்லாத நீளமான விதைப்பைகள் தெரிய வேண்டும். ஆனால் முயல் பயந்தால் விதையை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். ஒருமுறை பார்த்துக் காணவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். மல்லாக்கப் போட்டு நீண்ட நேரம் வைத்திருக்கவும் வேண்டாம். அசையாமல் கிடப்பது சுகத்தால் என்று நினைப்போம், அது பயத்தில் செத்ததுபோலக் கிடப்பது.

ஒன்று மேலே ஏறுவதை வைத்து அதைக் கடுவன் என்று சொல்ல முடியாது. பெட்டையும் ஏறும். "இந்தக் கூட்டில் நான் பெரியவள்" என்று சொல்லுகிற வழி அது. ஆனால் பஞ்சு உண்மையிலேயே கடுவனாக இருந்தால், அவை பிரிந்த நாளிலிருந்து 31 நாளை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் மின்னி குட்டி போடலாம். பெட்டை முயல் குட்டி ஈன்ற அன்றைக்கே மறுபடி சினைப்படும் என்பதால் கடுவனைக் கிட்ட விடவே கூடாது.

கூடெல்லாம் முடி என்று எழுதினீர்களே, அது யாருடைய முடி? வெள்ளையா, சாம்பலா? பஞ்சுவின் நெஞ்சில் வெள்ளை முடி குறைந்து, வாயில் புல்லைக் கவ்விக்கொண்டு மூலைக்கு மூலை ஓடினால் அவள் கூடு கட்டுகிறாள். சினையாக இருக்கலாம், பொய்ச்சினையாகவும் இருக்கலாம். பொய்ச்சினை பதினாறு பதினெட்டு நாளில் தானாகவே தணியும், அதுவரை அவள் யாரையும் அண்டவிட மாட்டாள். கூட்டில் கிடப்பது சாம்பல் முடி என்றால் அது மின்னியிடம் பிடுங்கியது.

நாலு மாதம்வரை ஒன்றாய்ப் படுத்தவை ஏன் மாறின என்பதுதான் உங்கள் மகளை வாட்டுகிற கேள்வி என்று நினைக்கிறேன். பொறாமையும் இல்லை, பஞ்சு கெட்ட பிள்ளையும் இல்லை. நாலைந்து மாதத்தில் முயல் பருவத்துக்கு வரும். காட்டில் இந்த இனத்து முயல்கள் நிலத்துக்கடியில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்கிறவை. கூட்டத்துக்குள் யார் முன்னே, யார் பின்னே என்று வரிசை உண்டு. நல்ல வளைக்குப் பெட்டைகள் கடுமையாகச் சண்டை பிடிக்கும். தோற்றவளுக்கு ஓடிப்போக அங்கே ஒரு காடு இருக்கும். உங்கள் வீட்டில் இரண்டடிக்கு மூன்றடிக் கூடு. மின்னி எங்கே ஓடுவாள்? மூலைக்குத்தான். மூலைக்குள் போனவளை விரட்டியாகிவிட்டது என்பது பஞ்சுவுக்குப் புரியாது, அவள் இன்னும் கண்முன்னேதானே நிற்கிறாள். அதனால் கடி நிற்காது.

இன்னொன்றைக் கவனித்திருப்பீர்கள். முயல் போகிற வழியில் கதிரைக்கால், வாசல்படி, உங்கள் சப்பாத்து என்று எல்லாவற்றிலும் நாடியைத் தேய்த்துக்கொண்டு போகும். நாடிக்குக் கீழே மணச் சுரப்பி இருக்கிறது. நமக்கு ஒன்றும் மணக்காது. முயலுக்கு அது வேலிக்கதியால் போட்டதுபோல, இது என் வளவு. முயலுக்குச் சொந்தம் என்பதும் பகை என்பதும் மூக்கில்தான் இருக்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் நான் கீழே சொல்லப்போகிற எல்லாம் உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

மாமியைக் குறை சொல்லாதீர்கள். அவர் சொன்னது கோழிக்குச் சரி. புதுக் கோழியை இரவில் பரணில் ஏற்றிவிட்டால் காலையில் பெரிய அமளி இருக்காது, இது நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த கைமுறை. கோழிக்கு இருட்டில் கண் தெரியாது, அடங்கிப்போய்விடும். முயலோ அந்தியிலும் விடியலிலும்தான் முழுத் துடிப்பாக இருக்கும். சாக்கை மூடினால் உள்ளே நடப்பது உங்களுக்குத் தெரியாது என்பதைத் தவிர வேறு மாற்றம் இல்லை. முயல் கத்துவதும் குறைவு. விடியச் சாக்கைத் தூக்கிப் பார்த்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அதை எழுத விருப்பமில்லை.

நான் செய்த பிழை ஒன்றைச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த தொடக்கத்தில் ஒருவர் ஒரு சோடி முயலில் ஒன்றை மட்டும் கொண்டு வந்தார், பின்காலில் புண். துப்புரவாக்கி, மருந்து போட்டு, மாலையில் திருப்பி அனுப்பினேன். மூன்று வருடம் ஒன்றாய் இருந்த சோடி. அன்றிரவே மற்றது இதைக் கிழித்துப் போட்டுவிட்டது. மறுநாள் அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. நான் திருப்பி அனுப்பியது அவருக்கு அதே முயல். கூட்டில் இருந்ததற்கோ ஸ்பிரிட்டும் நாயும் மருந்தும் மணக்கிற ஒரு புதியவன். அன்றிலிருந்து சோடியாக இருக்கிற முயல்களில் ஒன்றுக்கு நோய் என்றாலும் இரண்டையும் கொண்டு வரச் சொல்கிறேன். நன்றாக இருப்பதும் சும்மா வந்து அதே மணத்தோடு திரும்பட்டும்.

இனிச் செய்ய வேண்டியது. நிலையான சமாதானம் வேண்டுமானால் கருத்தடைச் சத்திரசிகிச்சைதான் அத்திவாரம். கடுவனுக்கு விதை எடுப்பது சிறிய வேலை. ஆனால் எடுத்த அன்றே எல்லாம் முடிந்தது என்று விடக்கூடாது. உடம்பில் மிச்சமிருக்கும் விந்தால் நாலு தொடக்கம் ஆறு கிழமைவரை சினைப்படுத்தும், குணம் அடங்கவும் அவ்வளவு காலம் எடுக்கும். பெட்டைக்கு வயிற்றைத் திறக்க வேண்டும், அது பெரிய வேலை. என்றாலும் வயதான பெட்டை முயல்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் மிக அதிகமாக வருவதால் அதற்காகவே செய்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம். கருத்தடை செய்த கடுவனும் பெட்டையும்தான் லேசில் ஒட்டுகிற சோடி. இரண்டு பெட்டை கொஞ்சம் பாடுபடுத்தும். கருத்தடை செய்யாத இரண்டு கடுவனை ஒரே கூட்டில் வைப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

நம் பகுதி அரச மிருக வைத்திய அலுவலகங்களுக்கு மாடும் ஆடும் கோழியும்தான் அன்றாட வேலை. முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகியவர் எல்லா இடத்திலும் இருக்க மாட்டார். அதில் குறை நினைக்க ஒன்றுமில்லை. போகுமுன் தொலைபேசியில் கேளுங்கள்: முயல் ஒப்பரேஷன் செய்திருக்கிறீர்களா, முதல்நாள் பட்டினி போட வேண்டுமா? இரவு முழுக்கப் பட்டினி போடச் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வேறு இடம் பாருங்கள். நாயையும் பூனையையும் பட்டினி போடுவது மயக்கத்தில் வாந்தி எடுக்கும் என்பதால். முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. அதன் குடல் நின்றால்தான் ஆபத்து. கிட்டே ஒருவரும் கிடைக்காவிட்டால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலை இருக்கிறது. தூரப் பயணம், விடியற்காலைக் குளிர்ச்சியில் புறப்பட வேண்டும்.

காயம் ஆறி, சத்திரசிகிச்சைக் காலமும் கழிகிறவரை இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கூட்டில் இருக்கட்டும். ஒன்றையொன்று பார்க்க வேண்டும், மணக்க வேண்டும், கடிக்க எட்டக்கூடாது. ஒரே கம்பி வலை நடுவில் இருந்தால் மூக்கையும் விரலையும் வலைக்கூடாகவே கடித்துவிடும். இரண்டு வலை, நடுவில் நாலு விரல் இடைவெளி. ஒவ்வொரு நாளும் மின்னி படுத்த துணியைப் பஞ்சுவின் கூட்டிலும், பஞ்சுவின் துணியை மின்னியின் கூட்டிலும் மாற்றிப் போடுங்கள். நாலைந்து நாள் போனதும் முயல்களையே கூடு மாற்றிவிடுங்கள். முதல்நாள் பஞ்சு போய் மின்னியின் கூடு முழுக்க நாடியைத் தேய்த்து, மூலையெல்லாம் புழுக்கை போட்டு வைப்பாள். கழுவ வேண்டாம். நாளைக்கு மின்னி வந்து அதன்மேல் தேய்க்கட்டும். இப்படியே பத்துப் பதினைந்து நாள் போனால் எது யாருடைய மணம் என்றில்லாமல் இரண்டும் கலந்துவிடும்.

சாப்பாட்டையும் இதற்குப் பாவியுங்கள். இரண்டுக்கும் ஒரே நேரத்தில், முதலில் வலைக்குத் தூரத்தில் வையுங்கள். நாளுக்குச் சாண் அளவு கிட்ட நகர்த்துங்கள். வலையின் இரண்டு பக்கமும் முகத்தோடு முகம் வைத்துப் பதற்றமில்லாமல் மெல்லுகிற நாள் வரும். அதைவிட நல்ல அறிகுறி, மத்தியானத்தில் இரண்டும் வலையோரமாகக் காலை நீட்டிப் படுப்பது. பகையாளிக்கு முன்னால் எந்த முயலும் காலை நீட்டாது. எழும்பி ஓட நேரம் எடுக்குமே.

அதன்பிறகுதான் நேருக்கு நேர். இடம் எங்கே என்பதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். உங்கள் முன் விறாந்தையில் பஞ்சு ஓடித் திரிந்திருந்தால் அது பஞ்சுவின் வளவு, அங்கே வேண்டாம். இரண்டும் ஒருநாளும் கால் வைக்காத இடம் வேண்டும். குளியலறையாகவும் இருக்கலாம், பக்கத்து வீட்டு அறையாகவும் இருக்கலாம். வழுக்குகிற தரை என்றால் முயல் மிரளும், ஒரு பன்பாயை விரியுங்கள். நாலைந்து இடத்தில் புல்லைக் குவித்து வையுங்கள், ஒரே குவியலாக வேண்டாம். அட்டைப்பெட்டி ஒன்றோ இரண்டோ வைத்தால் நல்லது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல் வெட்டுங்கள். ஒரு வாசல் பெட்டி என்றால் அது ஒளிகிற இடமாக இருக்காது, மாட்டுகிற இடமாகிவிடும்.

நீங்களும் கணவரும் இருங்கள், மகள் யன்னலால் பார்க்கட்டும். கையில் ஒரு தும்புத்தடி, ஒரு தடித்த துவாய். முயலுக்கு அடிக்க இல்லை, நடுவில் வைக்க.

விட்டவுடன் இரண்டும் ஒன்றையொன்று பார்க்காததுபோல நடிக்கும். பஞ்சு ஒரு மூலையை மணப்பாள், மின்னி காதைச் சொறிவாள். இது நல்லது. பிறகு பஞ்சு பின்னால் வந்து மணந்து, ஏறப் பார்ப்பாள். பின்பக்கமாக ஏறி மின்னி அசையாமல் இருந்தால் பத்து எண்ணும்வரை விடுங்கள். அந்த வரிசையை அவை முடிவுகட்டத்தான் வேண்டும். ஒவ்வொரு முறையும் நீங்கள் இழுத்துவிட்டால் அது முடியவே முடியாது. முகப்பக்கமாகத் திரும்பி ஏறினால் மட்டும் உடனே நகர்த்துங்கள், கீழே இருக்கும் முயல் கடிக்கிற இடம் மிக மோசமான இடம். கொஞ்சத் தூரம் துரத்துவது, ஒரு கொத்து முடி பறப்பது, இதற்கெல்லாம் பதற வேண்டாம்.

காது முதுகோடு ஒட்டி, வால் கம்புபோல நிமிர்ந்து, உடம்பு விறைத்து, உறுமல் கேட்டால் தும்புத்தடியை நடுவில் வையுங்கள். இரண்டும் வாலும் வாயுமாக வட்டமடித்துச் சுழலத் தொடங்கினால் துவாயைப் போட்டு மூடிப் பிரித்துவிடுங்கள். கையை விடாதீர்கள். அந்த நேரத்தில் அவற்றுக்கு உங்கள் கை யாருடையது என்று தெரியாது, என் வலது பெருவிரலில் இன்னும் தழும்பு இருக்கிறது. அன்றைக்கு அத்தோடு போதும். இரண்டு மூன்று நாள் மறுபடி வலையோரம்.

சிலவேளை மின்னியின் முன்னால் பஞ்சு வந்து தலையைத் தரையோடு வைத்துக் குனிந்து நிற்பாள். பார்க்கிறவர்கள், "ஐயோ பாவம், மன்னிப்புக் கேட்கிறாள்" என்று உருகுவார்கள். உண்மையில் அது அதிகாரம். என் நெற்றியை நக்கிவிடு என்று பெரியவள் கேட்கிற விதம். மின்னி நக்கிவிட்டால் காரியம் கைகூடுகிறது. நக்காவிட்டால் பஞ்சு கோபத்தில் ஒரு சின்னக் கடி கடிப்பாள். அதையும் பெரிதுபடுத்த வேண்டாம்.

முதல்நாள் பத்து நிமிடம் போதும். சண்டை வந்து நிறுத்துவதைவிட, நன்றாகப் போகும்போதே நிறுத்துவது முக்கியம். கடைசியாக நினைவில் நிற்பது அதுதான். ஒவ்வொரு நாளும் ஐந்து பத்து நிமிடம் கூட்டுங்கள். சில சோடி ஒரு கிழமையில் ஒட்டிவிடும். சிலதுக்கு மூன்று மாதம்கூட எடுக்கும். உங்களுடையவை ஏற்கனவே இரத்தம் பார்த்தவை என்பதால் கிழமைக் கணக்கில் எதிர்பார்க்காதீர்கள். இரண்டையும் ஒரே கூடையில் போட்டு ஓட்டோவில் ஏற்றி ஊரைச் சுற்றினால் பயத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு கைமுறை சொல்வார்கள். ஒட்டிக்கொள்ளும்தான், ஓட்டோ நிற்கும்வரை. பயந்த முயலுக்குக் குடல் நின்றுபோகும். நான் அதற்கு எதிர்.

ஒரு பகலும் ஒரு இரவும் அந்தப் பொது இடத்தில் சண்டையில்லாமல், ஒன்றாய்ச் சாப்பிட்டு, ஒன்றாய்ப் படுத்தபிறகு கூட்டுக்குக் கொண்டு போகலாம். பழைய கூட்டுக்கு அப்படியே வேண்டாம். வினாகிரி கலந்த தண்ணீரால் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, தட்டு, பெட்டி எல்லாவற்றின் இடத்தையும் மாற்றுங்கள். தண்ணீர்க் கிண்ணம் இரண்டு, சாப்பாட்டுத் தட்டு இரண்டு, ஒளிகிற பெட்டி இரண்டு. அந்த இரண்டடிக்கு மூன்றடி இனிப் போதாது. ஒரு சோடிக்குப் பத்தடி நீளம், ஆறடி அகலம் இருக்க வேண்டும் என்று பிரித்தானியாவின் முயல் நல அமைப்பினர் சொல்கிறார்கள். கேட்டால் தலை சுற்றும். வீட்டுக்குள் ஒரு மூலையைப் பழைய வலையால் அடைத்தாலே கிட்டத்தட்ட வந்துவிடும். கூட்டின் கதவு அதற்குள் திறந்தே கிடக்கட்டும்.

வெக்கையை மறக்கக்கூடாது. வைகாசியிலிருந்து ஆவணிவரை கச்சான் காற்று அடிக்கிற நாளில் நமக்கே மூச்சு முட்டும். முயலுக்கு வியர்க்காது, காதால்தான் சூட்டை வெளியே விடும். 28 பாகைக்கு மேல் போனாலே திணறத் தொடங்கும், நம் பகலோ 33, 34. அதனால் மேலே சொன்ன சந்திப்பெல்லாம் காலை ஏழு மணிக்கு முன், அல்லது பொழுது பட்டபிறகு. வெக்கையில் முயலுக்கும் எரிச்சல் கூடும். தகரத்துக்குக் கீழே கூடு இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள், கிடுகு வேய்ந்த இறக்கு நல்லது. போத்தலில் தண்ணீரை உறையவைத்துத் துணி சுற்றி உள்ளே வைத்தால் அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு படுக்கும். இரண்டு முயலுக்கு இரண்டு போத்தல், இல்லாவிட்டால் அதற்கும் சண்டை வரும்.

சாப்பாடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஒன்று மட்டும் சொல்கிறேன். புல்தான் சாப்பாடு, மற்றதெல்லாம் பலகாரம். அறுகம்புல், கினிப்புல், கொஞ்சம் முருங்கை இலை, கங்குன். கரட் இனிப்பு, அதை விரல்கடை அளவுக்குக் கொடுங்கள். மரவள்ளி இலை வேண்டாம். படுவான்கரைப் பக்கம் வயல் வரம்பில் புல் அறுத்து வருகிறவர்கள் இருந்தால் களைநாசினி அடித்த வயலா என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

சண்டைக் காலத்தில் மின்னியின் புழுக்கையை ஒவ்வொரு காலையும் பாருங்கள். துரத்தப்படுகிற முயல் சாப்பிடாமல் விட்டுவிடும். புழுக்கை சிறுத்து, எண்ணிக்கை குறைந்தால் அதுதான் முதல் எச்சரிக்கை. பன்னிரண்டு மணித்தியாலம் ஒன்றும் தின்னவில்லை, புழுக்கையும் இல்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

கணவர் சொன்னதற்கும் பதில் சொல்ல வேண்டும். மூன்று மாதம் பொறுமையாகச் செய்தும் ஒவ்வொரு சந்திப்பும் இரத்தத்தில் முடிந்தால் விட்டுவிடுங்கள். எல்லாச் சோடியும் ஒட்டாது, அதில் உங்கள் பிழை இல்லை. அப்போதும் ஒன்றைக் கொடுக்கத்தான் வேண்டும் என்றில்லை. இரட்டை வலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று காலம் முழுக்க அயலவர்களாக வாழ்கிற முயல்களை நான் பார்த்து வருகிறேன். வலையோரத்தில் ஒன்றாய்ப் படுக்கும், ஒன்றாய்த் தின்னும், வேலி மட்டும் இருக்கும். சத்திரசிகிச்சைக்குக் காசோ வசதியோ இல்லாத வீடுகளுக்கு நான் நேராகவே இதைத்தான் சொல்கிறேன். கொடுப்பதென்றால் தனி முயலாக அடைபட்டுக் கிடக்கப்போகிற வீட்டுக்கோ, கறிக்கு வளர்க்கிறவருக்கோ போய்ச் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மகள் நாளைக்கு விசாரிப்பாள்.

மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒரு கொப்பியில் இரண்டு பக்கமும் பெயர் எழுதி, இன்றைக்கு வலையோரத்தில் முதலில் படுத்தது யார், எத்தனை மணிக்கு, யார் காலை நீட்டினது என்று குறிக்கட்டும். தூக்கவும் அணைக்கவும் இப்போது வேண்டாம், ஒன்றைத் தூக்கின கையின் மணத்தோடு மற்றதைத் தொட்டால் அதற்கும் கடி விழும். அந்தக் கொப்பி எனக்கும் உதவும். நீங்கள் வரும்போது நினைவிலிருந்து சொல்வதைவிட எட்டு வயதுப் பிள்ளை எழுதியதை நான் கூட நம்புவேன்.

கட்டியைக் காட்ட வரும்போது இரண்டையும் கொண்டு வாருங்கள். தனித்தனிக் கூடை, அடியில் துணி, கொஞ்சம் புல், மேலே ஈரத்துவாய். கூடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், ஆனால் ஒட்டாமல். வெயில் ஏறுமுன் களுவாஞ்சிகுடியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தால் எட்டு மணிக்குள் முடித்துவிடலாம். மாமியின் சாக்கையும் எடுத்து வாருங்கள், யன்னல் பக்க வெயிலுக்கு மறைப்பாகப் பிடிக்கலாம்.